செருப்பைக் கழற்றிச் சொன்ன பதில்

எண்பதுகளின் தொடக்கத்தில் நெல்லிவாசல்நாட்டு மலைக் கிராமம் ஒன்றில் ஓராசிரியர் பள்ளி வாத்தியாராக இருந்தேன். தேர்தல் சமயம். வேட்பாளர் மலைக்கு வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அவருடைய ஆள் ஜீப்பை அடிவாரத்தில் விட்டுவிட்டு நடந்தே ஏறி வந்தார். ஊர்க்காரர்கள் கேட்க வேண்டிய நான்கு கேள்விகளை எழுதியே கொண்டுவந்திருந்தார். நான் அவர்களைப் பழக்கிவிட வேண்டுமாம். வாய்ப்பாடு சொல்லித்தரவே நேரம் போதாத எனக்கு இது வேறு. எதற்கு வம்பு என்று பழக்கிவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

ரோடு பற்றிய கேள்வியைச் சாமை பயிரிடும் ஓர் அம்மாவிடம் கொடுத்தேன். அவர் மகள் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. முதல் பிரசவத்துக்கு டோலி கட்டி அடிவாரத்து ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனபோது குழந்தை பாதி வழியிலேயே இறந்துவிட்டது. இந்த முறை மகளை முன்கூட்டியே கீழே கொண்டுபோய் வைத்துத் தானும் துணையிருந்தால் சாமை விதைப்பு போய்விடும். ரோடு வருமென்று நம்பி வீட்டிலேயே வைத்துக்கொள்ளவும் பயம். தவித்துக்கொண்டிருந்தார்.

வேட்பாளர் வந்து புளியமரத்தடியில் நின்றார். நான் சொல்லிக்கொடுத்தபடியே அம்மா கேட்டார்.

"எங்க ஊருக்கு ரோடு எப்போங்க வரும்?"

"மழைக்கு முன்னாடியே ஜீப்பு உங்க வாசல்ல வந்து நிக்கும்மா."

எல்லோரும் கைதட்டினார்கள். அத்துடன் உட்கார வேண்டிய அம்மா உட்காரவில்லை.

"செருப்பக் கழட்டிட்டுச் சொல்லுங்க."

வேட்பாளரின் ஆள் பாய்ந்தார். "இன்னா பேசுற நீ?"

அந்த ஊர்ப் பஞ்சாயத்தில் எவரானாலும் வெறுங்காலோடு மண்ணில் நின்று சொன்னால்தான் வாக்கு, செருப்போடு சொல்வதெல்லாம் சும்மா பேச்சு என்று அவசரமாக விளக்கினேன். அந்த அம்மா இந்தக் கூட்டத்தையும் பஞ்சாயத்து என்றே நினைத்துவிட்டார்.

வேட்பாளர் தன் ஆளைக் கையமர்த்திவிட்டுச் செருப்பைக் கழற்றினார். வெறுங்காலை மண்ணில் ஊன்றி நின்றார்.

"மழைக்குள்ள வராதும்மா. எப்ப வரும்னு எனக்கே தெரியாது."

இப்போது யாரும் கைதட்டவில்லை. எனக்கு மட்டும் அவர்மேல் முதன்முதலாக ஒரு மரியாதை வந்தது. என் ஓட்டை அந்தத் 'தெரியாது'க்குத்தான் போட்டேன்.

அம்மா அவரைக் கும்பிட்டார். பிறகு பக்கத்தில் நின்ற மருமகனிடம், "வெதப்பு கெடக்கட்டும். புள்ளைய இப்பவே கீழ கூட்டிட்டுப் போய்டலாம்" என்றார்.

அடைமழையில் ஓடை பெருகி, மலையிலிருந்து ஒருவரும் இறங்க முடியாமல் கிடந்த வாரத்தில், ஆலங்காயம் ஆஸ்பத்திரியில் அவருக்குப் பேத்தி பிறந்தாள்.