வெளியிலிருந்து பற்றவைத்த கதவு

என் கணவருக்கு வாய் திறப்பதற்கு முன்னால் கை நீண்டுவிடும். கேட், ஜன்னல் கம்பி எல்லாம் செய்யும் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். மாமனார் போன பிறகு சம்பாதித்துத் தம்பியை வளர்த்ததும் அந்தக் கைதான், பள்ளிக்கு மட்டம் போட்ட நாளெல்லாம் அவன் முதுகில் விழுந்ததும் அந்தக் கைதான். தம்பியைச் சின்னவன் என்போம். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. ஆளானதும் பட்டறையில் கூடவே வேலை பார்த்தான், திருப்பியும் அடித்தான். காலையில் அடித்துக்கொள்வார்கள், மத்தியானம் ஒரே தட்டில் சாப்பிடுவார்கள். விலக்கப் போய் ஒருமுறை என் உதடு கிழிந்ததோடு நான் நடுவில் போவதை விட்டுவிட்டேன்.

கொள்ளைநோய் வந்தபோதும் அவர்கள் விவாதம் அப்படித்தான் நடந்தது.

"பட்டறையைச் சாத்துடா. பக்கத்துத் தெருவுல ஆளுங்க செத்துட்டு இருக்காங்க."

"சளிக் காய்ச்சலுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? சாத்திட்டு எதைத் திங்கிறது, இரும்பையா?"

"உயிர் இருந்தாத்தாண்டா திங்க முடியும்!"

"நீ பயத்துலயே போயிடுவ அண்ணே. உனக்கு நோய் எதுக்கு?"

சுத்தியல் பறந்தது. சின்னவன் குனிந்தான், பின்னாலிருந்த கண்ணாடி நொறுங்கியது. அவன் கம்பியை எடுத்து இவர் முழங்காலில் போட்டான். தெருவே வேடிக்கை பார்த்தது. எல்லோரும் முகத்தை மூடிக்கொண்டு, தள்ளித் தள்ளி நின்று பார்த்தார்கள். அதில் மட்டும் ஒரு குறையும் இல்லை.

சில நாளில் சின்னவனுக்கே காய்ச்சல் கண்டது. பட்டறைக்குப் பின்னால் ஒற்றை அறையில் அவன் தனியாக இருந்தான்; வாசலுக்குக் கம்பிக் கதவு. "உடம்பு லேசா சுடுது, அவ்வளவுதான்" என்று இருமிக்கொண்டே ஒரு வயதான அம்மா வீட்டு ஜன்னல் வேலைக்குக் கிளம்பினான். இவர் பிடித்து உள்ளே தள்ளிப் பூட்டினார். பூட்டை உடைத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து அவன் படுத்ததும், இவர் வெல்டிங் மெஷினை இழுத்துப் போய், கதவையும் சட்டத்தையும் சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்.

ஐயோ, அந்த நாட்கள்! கட்டில் காலைப் பிடுங்கிக் கதவில் இடித்தான். கம்பி வழியாக நான் நீட்டிய கஞ்சியை என் முகத்திலேயே வீசினான்.

"அண்ணி, நீங்களாவது கேளுங்க. நான் என்ன நாயா?"

"செத்தாலும் திறக்க மாட்டேன்" என்றார் இவர். தெருவில் பாதிப் பேர் சரி என்றார்கள், மீதிப் பேர் காறித் துப்பினார்கள். எனக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஆனால் அவன் வெளியே போய் இன்னும் எத்தனை பேருக்கு ஒட்டவைப்பானோ என்ற பயமும் இருந்தது.

ஒரு காலையில் சத்தம் நின்றது. "அப்பாடா, அடங்கிட்டான்" என்றார் இவர். நான் கஞ்சியோடு போனேன். சின்னவன் கதவோடு ஒட்டி விழுந்து கிடந்தான். உதடு நீலம், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. என் கூச்சலில் இவர் அறுக்கும் மெஷினோடு ஓடி வந்தார். அறுத்தால்தான் கதவு திறக்கும். அறுத்தால் பொறியெல்லாம் அவன் மேல்தான் கொட்டும். ஈரச் சாக்கைக் கம்பிக்குள் நுழைத்து அவன் முகத்தை மூடினேன். தோளை மூடச் சாக்கு எட்டவில்லை. "பொறுத்துக்கடா, பொறுத்துக்கடா" என்று அலறிக்கொண்டே இவர் அறுத்தார். சட்டை கருகி, தோல் பொசுங்கும் வாடை வந்தது. அவன் முனகக்கூட இல்லை.

பிழைத்துவிட்டான். ஆஸ்பத்திரியிலிருந்து எலும்பும் தோலுமாகப் பட்டறை வாசலில் வந்து நின்றான். இவர் கட்டிக்கொள்ளப் போனார். சின்னவன் பளார் என்று ஓர் அறை விட்டான். இவர் கை ஓங்கவில்லை.

"நோய் பெருசுதான் அண்ணே. நீ சொன்னதுதான் சரி. நான் வேலைக்குப் போன வீட்டு அம்மா போயிட்டாங்களாம்."

இவர் தலையாட்டினார்.

"ஆனா ஒண்ணு கேட்டுக்க. அன்னைக்குக் கீழ விழுறப்ப, உன்னைக் கூப்பிட எனக்கு மூச்சு இருந்துச்சு. கூப்பிடத் தோணலை."

சின்னவன் அறைக்குள் போய், தன் துணிமணியை எடுத்துக்கொண்டு எங்களை விட்டே போய்விட்டான்.