சிவப்பு எரியும்போது எடுக்காதே

அந்தச் சிவப்பு விளக்கை வைக்கச் சொன்னவன் நான். அக்கா கேட்டது டெலிபோன் மட்டும்தான்.

எங்கள் வீடு மைசூர் யாதவகிரியில், அப்பா ரயில்வேயில் ஓய்வு பெற்றபோது கட்டியது. பின்பக்கத் தோட்டத்தில், இரண்டு சப்போட்டா மரங்களுக்கு அப்பால், ஓடு வேய்ந்த ஒரு அவுட்ஹவுஸ் உண்டு. தொண்ணூறுகளின் கடைசியில் அக்கா பணி ஓய்வு பெற்று மங்களூரிலிருந்து திரும்பியபோது அங்கேதான் குடிபோனாள். கல்யாணம் செய்துகொள்ளாதவள். முப்பது வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ட்ரங்க் கால் ஆபரேட்டர். தனிச் சமையல், தனிப் பூட்டு வேண்டும் என்றாள். ரத்த அழுத்தம் அதிகம் இருந்தது. கை எட்டும் இடத்தில் ஃபோன் இல்லாமல் அவள் தனியாக இருக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

இரண்டாவது இணைப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டு முறை வரக் காத்திருந்தோம். அதுவரை வீட்டு லைனையே இழுத்துக்கொள்ளலாம் என்று எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டேன். ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். கறுப்பு முறுக்கு ஒயரைச் சமையலறை ஜன்னல் வழியாக வெளியே எடுத்து, கம்பி கட்டி, கிளைகளில் உரசாத உயரத்தில் நாற்பது அடி கொண்டுபோனார். அரை நாள் வேலை. சாயங்காலம் அக்கா அங்கிருந்து டாக்டர் வீட்டு எண்ணைச் சுழற்றிப் பேசிவிட்டு, "சவுண்டு கிளியர்" என்றாள்.

நான் அப்போது ஒரு பத்திரிகைக்கு மைசூர் நிருபர். அந்த வருடம்தான் அலுவலகம் எனக்கு ஒரு கம்ப்யூட்டரும் மோடமும் கொடுத்திருந்தது. தினமும் மாலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே, அதே டெலிபோன் லைனில், செய்திகள் பெங்களூருக்குப் போக வேண்டும். நடுவில் யாராவது ரிசீவரை எடுத்தால் தொடர்பு அறுந்துவிடும். முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

நான்காம் நாள் அறுந்தது. மூன்று பக்கச் செய்தி, கடைசிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தோட்டத்தைத் தாண்டிப் போனேன். அக்கா ஃபோன் பக்கத்தில் ஒரு தப்பும் செய்யாதவளாக உட்கார்ந்திருந்தாள்.

"என்னடா அது, வெந்நீர் பாய்லர் மாதிரி கத்துது?"

"அதுதான் நியூஸ் போற சத்தம். எடுக்காதேன்னு சொன்னேன் இல்ல?"

"நீ எப்ப அனுப்பறேன்னு எனக்கு எப்படித் தெரியும்? ஜோசியமா பார்க்கறேன்?"

"ஆறுலேருந்து ஏழு வரைக்கும் தொடாதே, அவ்வளவுதான்."

சற்று உரக்கவே சொன்னேன். அவள் முகம் மாறியது. பேசிக்கொண்டிருப்பவர்களின் லைனை அறுப்பது அவள் வேலையில் மன்னிக்க முடியாத குற்றம். முப்பது வருடத்தில் ஒரு லைனைக்கூட அறுத்ததில்லை என்று அவளே பல முறை சொல்லியிருக்கிறாள். இப்போது தம்பியின் லைனை அறுத்துவிட்டாள்.

எனக்கும் உறுத்தியது. அதற்குப் பரிகாரம்போலத்தான் விளக்கு யோசனை வந்தது. என் மேஜையில் ஒரு சுவிட்ச். அவள் ஃபோனுக்கு மேலே சுவரில் ஒரு சிவப்பு ஜீரோ வாட் பல்பு, சாமி அறையில் போடுவது. மோடத்தை ஓட்டும் முன் நான் சுவிட்சைப் போடுவேன், முடிந்ததும் அணைப்பேன். எலெக்ட்ரீஷியன் ஏணியில் நின்றபடி கேட்டார்.

"ஏனுங்க சார், ஆஃப் பண்ண மறந்துட்டீங்கன்னா?"

"மறக்க மாட்டேன்."

"எல்லாரும் அப்படித்தானுங்க சொல்றது. லைன் ஓடுனா தானா எரியற மாதிரியே பண்ணிக் குடுக்கறனுங்க. சாமான் வரோணும், நாலு நாளாகும்."

"சும்னே இருப்பா. இது போதும்" என்றேன் பாதிக் கன்னடத்தில்.

அவர் ஒயரை ஆணியில் சுற்றிக்கொண்டே போனார்.

விளக்கை முதலில் எரியவிட்டுக் காட்டியபோது அக்கா சிரித்தாள். "எங்க போர்டுல லாம்ப் எரிஞ்சா உடனே எடுக்கணும். இங்க எரிஞ்சா எடுக்கக் கூடாது. உன் எக்ஸ்சேஞ்ச் தலைகீழாடா."

சிவப்பு எரியும்போது எடுக்காதே, அவ்வளவுதான் விதி என்றேன். உடம்புக்கு ஏதாவது என்றால் எரிந்தாலும் எடு என்று நான் சொல்லவில்லை. சொல்லித் தெரிய வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

ஏழெட்டு வாரம் சரியாக நடந்தது. லைன் அறுபடவே இல்லை. மின்வெட்டு வந்தால் கம்ப்யூட்டர், விளக்கு இரண்டும் சேர்ந்து அணைந்தன. இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது என்று அலுவலகத்து நண்பர்களிடம் பெருமையடித்துக்கொண்டேன். இரண்டு முறை சுவிட்சை அணைக்க மறந்தேன். இரண்டு முறையும் இரவுச் சாப்பாட்டின்போது அக்காவே வந்து, "லைன் இன்னும் பிஸிதானா?" என்று கேட்டாள். கிண்டலாகக் கேட்டதால் நானும் சிரித்துவிட்டு அணைத்தேன்.

ஆடி மாத மழை. மனைவி மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அணையின் நீர்மட்டம் பற்றிய செய்தியை அனுப்பி முடித்தேன். கம்ப்யூட்டர் காட்டிய நேரம் 6.31. அதே சமயம் வாசலில் ஸ்கூட்டர் சத்தம். சக நிருபர் ஒருவர் மழைக்கு ஒதுங்கினார். தலை துவட்டத் துண்டு எடுக்க எழுந்தவன் மேஜைக்குத் திரும்பவில்லை.

பேச்சு மாநகராட்சிப் பக்கம் போயிற்று. காபி போடச் சமையலறைக்கு வந்தேன். ஜன்னலுக்கு நேரே அவுட்ஹவுஸ். ஓட்டின் மேல் மழை அடித்துக் கொட்டியது. அங்கே ஜன்னல்கள் சாத்தியிருந்தன. கண்ணாடியில் சிவப்பு மட்டும் தெரிந்தது. பால் பொங்கும்வரை அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு மழையிலும் ஒயர் நனைந்து கெடவில்லை, நன்றாக எரிகிறது என்று நினைத்தேன். இரண்டு தம்ளர்களில் காபியை ஊற்றிக்கொண்டு கூடத்துக்குப் போனேன். பார்ப்பதும் பார்த்ததை எழுதுவதும்தான் என் தொழில்.

அன்று மின்வெட்டு இல்லை.

ஏழரைக்கு மனைவி வந்தாள். அக்கா சொல்லியிருந்த வெண்டைக்காயைக் கொடுக்க நேராகத் தோட்டத்துக்குப் போனாள். போன வேகத்தில் சமையலறை வாசலுக்குத் திரும்பி வந்து, குடையை மடக்காமலேயே சொன்னாள்.

"ஏங்க, அக்கா உட்கார்ந்திருக்காங்க. ஆனா பேச மாட்டேங்கறாங்க."

ஓடினேன். அக்கா நாற்காலியில், ஃபோனுக்கு எதிரே, இன்னும் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்தபடி இருந்தாள். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது. இடது கை ரிசீவரின் மேல் இருந்தது. எடுக்கவில்லை, மேலே வைத்திருந்தாள். பக்கத்தில் அவளுடைய குறிப்பேடு. ட்ரங்க் கால் சீட்டில் நேரம் எழுதிய பழக்கத்தில் எல்லாவற்றுக்கும் நேரம் எழுதுவாள், ரயில்வே கணக்கில்.

18.40 கை மரத்தது. லைன் பிஸி.

18.55 காலும். லைன் பிஸி.

மூன்றாவது வரியில் 19.10 என்ற எண் மட்டும். இடது கையால் எழுதியது. கோடு தாண்டிச் சரிந்திருந்தது.

அந்தத் தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் வைத்தேன். டாக்டருக்கு ஃபோன் செய்ய அங்கிருந்த ரிசீவரைத் தொடாமல் வீட்டுக்கு ஓடினேன். மேஜையில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. முதலில் அதை அணைத்தேன். அதன் பிறகுதான் எண்ணைச் சுழற்றினேன். சக நிருபர் வாசலில் பக்கத்து வீட்டுக் காரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று கேட்டார்கள். ஆறு நாற்பது என்று சரியாகச் சொன்னேன். இவ்வளவு நேரம் ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்று கேட்டதற்கு, லைன் பிஸியாக இருந்தது என்றேன். டாக்டர் அப்படியே தலையசைத்தார். சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் கொஞ்சம் வித்தியாசம் இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

அக்கா பிழைத்தாள். கால் ஓரளவு திரும்பியது. பேச்சு முழுதாகத் திரும்பவில்லை. மூன்று ஜில்லாக்களுக்குத் தெரிந்த குரல் அது. இப்போது ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. நாங்கள் அவளை வீட்டுக்குள்ளேயே, முன்னறையில், வைத்துக்கொண்டோம். எலெக்ட்ரீஷியன் வந்து விளக்கையும் ஒயரையும் கழற்றிக்கொண்டு போனார். அவர் எதையும் கேட்காதது எனக்குக் கேட்பதைவிட மோசமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து அவளுக்கு மருந்து கொடுக்கப் போனபோது, குறிப்பேட்டைக் கொண்டுவரச் சொல்லிச் சைகை காட்டினாள். கிழித்த தாளின் அடையாளத்தைப் பார்த்தாள். கையை நீட்டினாள். அந்தத் தாள் என் மேஜை டிராயரில் இருந்தது. எடுத்து வந்து கொடுத்தேன். மூன்று வரிகளையும் படித்தாள். பிறகு பென்சில் கேட்டாள்.

"லைன்... எப்ப... ஃப்ரீ ஆச்சு?"

குற்றம் சாட்டும் குரல் இல்லை. ட்ரங்க் கால் முடிந்த நேரத்தை எழுதாமல் சீட்டை மூடக் கூடாது என்பது அவள் தொழிலின் விதி. என் மேஜையில் கம்ப்யூட்டர் காட்டிய 6.31 எனக்கு மனப்பாடம்.

"ஏழே காலுக்கு" என்றேன். "அன்னைக்கு நியூஸ் நிறைய."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இடது கையால், மெதுவாக, நான்காவது வரி எழுதினாள்: 19.15 ஃப்ரீ. அந்தக் குறிப்பேட்டில் எனக்குத் தெரிந்து தவறான நேரம் அது ஒன்றுதான்.