வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது

கதை கட்டத் தெரியாதவன் அல்லன் நான். நரியையும் ஆமையையும் பேசவைத்தே காலமெல்லாம் வகுப்பு நடத்தியவன். ஆயினும், இங்கே எழுதுவதில் ஒரு சொல்லும் என் கற்பனை அன்று. நள்ளிரவிலும் நடக்கவில்லை, பட்டப்பகலில், ஜன்னல் வழியே வெயில் மேசைமீது விழுந்துகொண்டிருந்தபோது நடந்தது. சொல்லத் தயங்கியது அச்சத்தால் அன்று, வெட்கத்தால்.

பார்வையற்ற பிள்ளைகள் பயிலும் பள்ளி ஒன்றுக்கு நீதிக்கதைகளைப் பேசிப் பதிந்து தர ஒப்புக்கொண்டிருந்தேன். திங்கட்கிழமைக்குள் தராவிட்டால் அவை அடுத்த ஆண்டுதான் பிள்ளைகள் காதுக்குப் போகும். பள்ளி குறிப்பிட்ட ஒலிப்பதிவு மென்பொருளில்தான் பதிய வேண்டும். என் கணினியோ மகன் கழித்துப்போட்டது. அவன் அதில் இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டிருந்தான்.

“அப்பா, அந்த சாஃப்ட்வேர் இந்த சிஸ்டத்துல ஓடாது. எப்படியோ தாஜா பண்ணி உள்ள ஏத்திட்டேன். லைசென்ஸ்தான் முரண்டு பிடிக்கும், பாத்துக்கோங்க” என்றான் தொலைபேசியில்.

பிடித்தது. நான் முறையாக வாங்கிய உரிமம் மூன்று கணினிகளுக்குச் செல்லும். ஆனால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் என் ஒற்றைக் கணினியை அது புதிய கணினி என்றே எண்ணியது. மூன்றாம் முறையோடு உரிமம் தீர்ந்தது. நிறுவனத்துக்கு எழுதினேன். ‘தங்கள் இயங்குதளத்துக்கு எங்கள் ஆதரவு இல்லை’ என்று ஒற்றை வரியில் கைவிரித்துவிட்டார்கள்.

அவ்வேளையில்தான் கீழ்வீட்டு அம்மாள் அழைத்தார். அவருடைய கணவர் ஒலிப்பதிவாளர். நான் இங்கே குடிவருவதற்கு முன்பே காலமானவர். கணவரின் கணினியைக் கழித்துவிடப் போவதாகவும், உள்ளே முக்கியமாக ஏதேனும் இருக்கிறதா என்று பார்க்கும்படியும் கேட்டார். பார்த்தேன். அதே மென்பொருள். திரையில் அவருடைய உரிம எண்.

அம்மாள் காபி எடுத்துவர உள்ளே போனார். நான் அந்த எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன். தேர்வில் அப்படி எழுதிவந்த பிள்ளைகளை வெளியே நிறுத்தியவன் நான்!

“ஒண்ணும் இல்லம்மா. தாராளமா குடுத்துடலாம்” என்றேன். காபியையும் குடித்தேன்.

மறுநாள் எண் வேலை செய்தது. பக்கத்துப் பொந்தில் கொட்டை எடுத்த அணிலின் கதையைப் பதிந்தேன். ‘பிறர் பொருளை அவர் அறியாமல் எடுக்கலாகாது’ என்று நீதி சொல்லி முடித்தேன்.

போட்டுக் கேட்டேன். கதை இருந்தது. நீதி இல்லை. அந்த இடத்தில் நான்கு விநாடி வெறுமை.

மறுபடி சொன்னேன். மறுபடி வெறுமை.

மணி 2.40. இம்முறை திரையைப் பார்த்துக்கொண்டே பேசினேன். நீதிக்கு வந்ததும், என் குரலுக்கேற்ப மேடும் பள்ளமுமாய் ஓடிய கோடு… படுத்துவிட்டது.

சுட்டி தானாக நகர்ந்தது. மெல்ல. தொழில் தெரிந்த கைபோல. என் வாக்கியத்தின் இரு முனையையும் தொட்டு… வெட்டியது.

‘க்ளிக்.’

திரையில் ஓர் அறிவிப்பு: ‘இந்த உரிமம் வேறொரு கணினியில் பயன்பாட்டில் உள்ளது.’

இணையக் கம்பியைப் பிடுங்கினேன்.

அறிவிப்பு போகவில்லை.

காதில் மாட்டியிருந்த கருவியில் யாரோ மூச்சு விட்டார்கள்…

நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன்.

படிகளில் எப்படி இறங்கினேனோ தெரியாது. “அம்மா… அந்தக் கம்ப்யூட்டர்ல யாராவது வேலை பாக்கறாங்களா?”

“அதையா? நேத்தே ஆள் வந்து, என் கண்ணு முன்னாடியே பிரிச்சு மூட்டை கட்டிட்டாரே. ஏன் சார், முகமெல்லாம் வேர்த்திருக்கு?”

“சும்மா கேட்டேன்.”

இரண்டாம் பொய்.

மற்றக் கதைகள் தடையின்றிப் பதிந்தன. அணில் கதையை மட்டும் நீதியில்லாமலே அனுப்பினேன். செவ்வாய்க்கிழமை தலைமையாசிரியை அழைத்தார்.

“கதையெல்லாம் பிரமாதம் சார். அணில் கதை முடிவுல இன்னொருத்தர் பேசறாரே, உங்க நண்பரா? பசங்க அவரையும் கூட்டிட்டு வரச் சொல்றாங்க.”

என் கணினியில் அதைத் திறந்தேன். காதுக்கருவியை மாட்டத் துணிவில்லை, ஒலிபெருக்கியிலேயே போட்டேன். அந்த நான்கு விநாடியில் ஓர் ஆண்குரல். கோபமே இல்லாத குரல்.

“கேட்டிருந்தா குடுத்திருப்பேனே, சார்…”

பின்னால் ஏதோ விழுந்தது. திரும்பினேன். திறந்திருந்த வாசலில் கீழ்வீட்டு அம்மாள். கையிலிருந்த துணிக்கூடை தரையில் கிடந்தது.

“இன்னொரு தரம் போடுங்க.”

போட்டேன்.

“என் வீட்டுக்காரர் சார் அது. தொண்டையில ஆபரேஷன் பண்ணி, கடைசி ஆறு வருஷம் ஒரு வார்த்தை பேசல. ஊர்ல இருக்கறவங்க குரலையெல்லாம் பதிஞ்சாரு. தன்னோடத ஒண்ணுகூட வைக்கல. நான் தேடாத இடமில்ல… உங்களுக்கு எங்க கிடைச்சுது?”

உள்ளங்கையை மூடிக்கொண்டேன்.

“எதைக் கேட்டிருந்தா குடுத்திருப்பாராம்?”

“தெரியலம்மா” என்றேன்.

அதை ஏற்றித் தரும்படி தம் கைப்பேசியை இரு கைகளாலும் நீட்டினார். ஏற்றிக் கொடுத்தேன்.

இப்போது நாள்தோறும் காலையில் அவர் அதைப் போட்டுக் கேட்கிறார். தரை வழியே அது என் அறைக்கு ஏறி வருகிறது.