ஐந்தாவது கூறு

இது பொழுதுபோகாமல் கட்டிய கதை என்று நினைப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம், எனக்கு வருத்தமில்லை. அடைக்கலத்திடம் தனியாகக் கேட்டேன். மதுரைவீரனிடம் தனியாகக் கேட்டேன். இரண்டு பேரும் சொன்னதில் ஒரு நிமிடம்கூட முன்னே பின்னே இல்லை.

நடந்தது 2023 ஜூலை 14, வெள்ளிக்கிழமை. அமாவாசை இல்லை, நடுச்சாமம் இல்லை. பட்டப்பகல் பன்னிரண்டே கால் மணி. பேய்க்கு வெயில் ஆகாது என்று உங்களுக்குச் சொன்ன ஆளைப் பிடித்து, நாரைத்திட்டில் அரைமணி நேரம் நிறுத்த வேண்டும்.

மீமிசலுக்கு வடக்கே உள்ள ஒரு கடற்கரை ஊர்தான் அடைக்கலத்துக்கு. நாகராசுவின் நாட்டுப்படகில் நாலு பேர் தொழிலுக்குப் போவார்கள். படகுக்காரர் நாகராசு, முத்துராமன், மதுரைவீரன், அடைக்கலம். அந்த ஜூலையில் அடைக்கலத்தின் மனைவி இலக்கியாவுக்கு நிறைமாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம். அதற்கு முன்னால் மூன்று பிள்ளை வயிற்றில் தங்கவில்லை. இதுவும் போய்விட்டால் இலக்கியா உயிரோடு இருக்க மாட்டாள் என்று அவன் பயந்துகொண்டே இருந்தான். கடலில் இருந்தாலும் நினைப்பெல்லாம் வீட்டில்தான்.

நாரைத்திட்டு என்பது மணல் தீவு. கரையில் நின்று பார்த்தால் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரியும். முன்பு அங்கே பன்னிரண்டு குடும்பம் இருந்ததாம். ஓலைக் குடிசை, ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு, வலை காயப்போடக் கம்புகள் என்று அது தனி ஊர், தனிப் பழக்கம். ஒருநாள் கடலுக்குப் போன படகு திரும்பவில்லை. மிச்சமிருந்தவர்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு கரைக்கு வந்துவிட்டார்கள். இப்போது உடைமரமும் தூர்ந்துபோன கிணறும்தான் மிச்சம்.

ஊரில் ஒரு பேச்சு உண்டு. திட்டில் இறங்கலாம், வலை அலசலாம், உலைகூட வைக்கலாம். கூறு மட்டும் வைக்கக் கூடாது. ஏன் என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது.

கூறு என்றால் இதுதான். விற்கிற மீன் போக, வீட்டுக் குழம்புக்கு என்று எடுத்த மீனை ஆளுக்கு ஒரு குவியலாக மணலில் வைப்பார்கள். பெரிசு சிறிசு என்று சண்டை வரக் கூடாது இல்லையா? அதனால் ஒருவர் முதுகைக் காட்டி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு, "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் வாயில் வந்த பெயரைச் சொல்வார். சொன்னால் சொன்னதுதான், அப்புறம் பேச்சே கிடையாது.

அன்று காலை 10.50-க்கு அடைக்கலத்துக்கு மாமியாரிடமிருந்து போன் வந்தது.

"மாப்பிள்ள, வலி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டோம். வெரசா வாங்க."

உடனே படகைத் திருப்பினார்கள். போதாத காலம், 11.35-க்கு நாரைத்திட்டுப் பக்கத்தில் இன்ஜின் விசிறியில் வலை சுற்றிக்கொண்டது. படகைத் திட்டின் ஓரத்துக்குத் தள்ளினார்கள். நாகராசுவும் முத்துராமனும் கத்தியோடு தண்ணீரில் இறங்கி வலையை அறுக்க ஆரம்பித்தார்கள். அடைக்கலத்துக்கு நிலைகொள்ளவில்லை. மணலில் அங்கிட்டும் இங்கிட்டும் நடந்தான்.

மதுரைவீரன்தான் சொன்னான்.

"பங்காளி, கரையில போயி கூறு வச்சுக்கிட்டு நின்னா ஒனக்கு லேட்டாயிரும். இங்கனயே பிரிச்சுருவோம். நீ எறங்குனதும் வண்டிய எடு."

"இங்கயா?"

"ஆமா, பட்டப்பகல்ல பேயி வந்து பங்கு கேக்கப் போகுதாக்கும்."

அடைக்கலத்துக்கு மனசில்லை. ஆனால் இலக்கியா அங்கே கத்திக்கொண்டிருப்பாளே என்ற நினைப்பு வந்ததும், சரி என்றுவிட்டான். ஐஸ் பெட்டியிலிருந்து காரல் மீனை அள்ளிவந்து மதுரைவீரன் நாலு குவியல் வைத்தான். அடைக்கலம் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றான்.

அப்போதுதான் காற்று விழுந்தது. உடைமரத்தில் ஒரு இலை ஆடவில்லை. நாரைத்திட்டு என்று பெயர், கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு நாரை இல்லை. தண்ணீரில் நின்ற இரண்டு பேரும் பேசுவது தெரிந்தது, சத்தம் வரவில்லை…

"இது யாருக்கு?"

"நாகராசு அண்ணனுக்கு."

"இது யாருக்கு?"

"முத்துராமனுக்கு."

"இது யாருக்கு?"

"எனக்கு."

"இது யாருக்கு?"

"ஒனக்குத்தான்டா."

முடிந்தது. அடைக்கலம் திரும்பிப் பார்க்கப் போனான்.

"இது யாருக்கு?"

அதே குரல். மதுரைவீரன் குரல். கொஞ்சம் கிட்டத்தில் கேட்டது, அவ்வளவுதான். இவன் நினைப்பில் வேறு ஏது? சந்தோஷமும் பயமும் கலந்து கிடந்த வாயில் சட்டென்று வந்துவிட்டது.

"எம் புள்ளைக்கு."

திரும்பினான். மதுரைவீரன் நாலு குவியலையும் பையில் அள்ளிக்கொண்டு பத்தடி தள்ளி நின்றான். முகம் வெளுத்திருந்தது.

"யாருக்குடா பதில் சொல்ற? நான் நாலுதான கேட்டேன்?"

இரண்டு பேரும் கீழே பார்த்தார்கள்.

மணலில் ஐந்தாவதாக ஒரு குவியல்.

ஏழு கிழங்கான் மீன். அன்று அவர்கள் வலையில் ஒரு கிழங்கான்கூட விழவில்லை. அவர்களுடைய மீன் செத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. இது உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது.

"தொடாத," என்றான் அடைக்கலம். போனில் மணி 12.17.

படகு கரையைத் தொடுமுன் மறுபடியும் போன் வந்தது. பெண் குழந்தை. பிறந்த நேரம் 12.17. பிறந்ததிலிருந்து அழவே இல்லை, கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

சாயங்காலம் அவன் போய்ப் பார்த்தான். பிள்ளை கண்ணை அகல விழித்துக்கொண்டு கிடந்தது. அழுகையில்லை, பால் குடிக்கவில்லை. மூச்சு மட்டும் இருந்தது. "ஏங்க, இதும் போயிருமா?" என்று கேட்டாள் இலக்கியா. மத்தியானம் நடந்ததை அவளிடம் சொல்ல நாக்கு எழவில்லை.

மறுநாள் விடிந்ததும் மதுரைவீரன் வீட்டு வாசலில் போய் நின்றான்.

"என்னைய திட்டுக்குக் கொண்டு போ. சொன்னத மாத்திச் சொல்லணும்."

மதுரைவீரன் அவனோடு கரைக்கு ஓடினான். "பாவி, நாந்தான் ஆரம்பிச்சேன்," என்று அழுதுகொண்டே படகைத் தள்ளினான்.

8.40-க்கு அடைக்கலம் மட்டும் இறங்கினான். மதுரைவீரன் படகிலேயே இருந்தான்.

குவியல் அங்கே இல்லை. மீன் கிடந்த இடம் மட்டும் ஈரமாக இருந்தது. சுற்றிலும் காலடி எதுவும் இல்லை.

ஈரத்துக்கு முதுகைக் காட்டி நின்றான். எதிரே படகு. படகில் மதுரைவீரன் அவனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

8.52.

காற்று விழுந்தது.

அலைச் சத்தம் நின்றது.

முதுகுக்குப் பின்னால்… மிகப் பக்கத்தில்…

"இது யாருக்கு?"

மதுரைவீரன் குரல்.

மதுரைவீரன் எதிரே இருந்தான். வாய் மூடியிருந்தது.

அடைக்கலம் திரும்பிப் பார்க்கவில்லை. அப்படியே நின்று சொன்னான்.

"எனக்கு. அடைக்கலத்துக்கு. எம் புள்ளைக்கு இல்ல."

சரக்… சரக்… மணலில் நடக்கும் சத்தம். ஒரு ஆள். இரண்டு. மூன்று. நாலு.

அவனைத் தாண்டித் தண்ணீருக்குள் போனது. ஒருவரும் கண்ணில் படவில்லை.

அப்புறம் துடுப்புச் சத்தம்.

9.05-க்குப் போன் அடித்தது. "மாப்பிள்ள, புள்ள அழுதுருச்சு. பாலு குடிக்குது." அடைக்கலம் மணலில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதான். தன் உயிர் போனாலும் போகட்டும், பிள்ளை பிழைத்ததே, அது போதும் என்று நினைத்தான்.

பிள்ளைக்கு இனியா என்று பெயர் வைத்தார்கள். நாற்பது நாள் அவன் கடலுக்குப் போகவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. ஞானஸ்நான விருந்துக்கு மீன் சொல்ல மணமேல்குடி மார்க்கெட்டுக்குப் போனான். அங்கே மீன் விற்கும் செவந்தி அவனுக்குப் பல வருடப் பழக்கம். நாரைத்திட்டிலிருந்து கரைக்கு வந்த குடும்பம் அவளுடையது. மனசு கேட்காமல் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான்.

செவந்தி மீன் வெட்டுவதை நிறுத்தினாள்.

"கூறா வச்சீங்க? ஏண்ணே, ஒங்க ஊர்ல கடலுக்குப் போயிட்டு வந்து கூறு வைப்பீங்க. எங்க ஆளுங்க போறதுக்கு முந்தி வைப்பாங்க. வழிச்சோத்துக்கு. யாரு பேரு விழுகுதோ, அந்த ஆளு படகுல ஏறணும்."

செவந்தி கத்தியைக் கீழே வைத்தாள்.

"கடைசியாப் போன படகுல அஞ்சு கூறு வச்சாங்க. ஏறுனது நாலு பேரு. எங்க தாத்தா மட்டும், பொண்டாட்டிக்குப் பிரசவ நேரம்னு நின்னுட்டாரு. அந்த எடம் இன்னும் காலியாத்தாண்ணே கெடக்கு."

"அதத்தான் நான் மாத்திச் சொல்லிட்டேனே செவந்தி. எனக்குன்னு."

செவந்திக்குக் கண் கலங்கியது. அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்க பேருக்கு மொத நாளே கூறு விழுந்திருச்சுல்ல? நீங்க நாகராசு படகு ஆளு. ஒரு ஆளு ரெண்டு படகுல எப்படிண்ணே ஏற முடியும்?"

"அப்ப… புள்ள அழுதுச்சே? பால் குடிச்சுச்சே?"

"படகுல ஏறணும்னா வளரணும்லண்ணே."

அடுத்த வாரமே அடைக்கலம் குடும்பத்தோடு கறம்பக்குடிக்குப் போய்விட்டான். சுற்றிலும் தென்னந்தோப்பும் வயலும்தான். தேங்காய் லோடு ஏற்றும் வேலை பார்க்கிறான். இனியாவுக்கு இரண்டு வயது முடிந்துவிட்டது. நன்றாகச் சாப்பிடுகிறாள், சிரிக்கிறாள். பிள்ளையை இதுவரை கடல் பக்கம் கொண்டு போனதே இல்லை.

போன மாதம் நான் அடைக்கலத்தின் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினேன். கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. அப்பனுக்கும் ஆத்தாளுக்கும் நடுவில் பிள்ளை படுத்திருந்தது. காலை 5.40-க்கு அடைக்கலம் என்னை எழுப்பி, போர்வையை விலக்கி, பிள்ளையின் பாதத்தைக் காட்டினான். தொட்டுப் பார்த்தேன், சில்லென்று இருந்தது. உள்ளங்கால் இரண்டும் ஊறி, வெளுத்து, சுருங்கியிருந்தன. இரண்டு மாதமாகத் தினமும் இப்படித்தானாம். டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் தொழிலுக்குப் போன எவனுக்கும் அதைப் பார்த்தால் தெரியும். ராத்திரி முழுக்கப் படகின் அடியில் தேங்கும் தண்ணீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தால்தான் பாதம் அப்படி ஆகும்.