உறைமேல் உட்கார்ந்த ஒன்று

சட்டை நுனியால் கணினித் திரையின் வலது மேல் மூலையைத் துடைக்கிறார். துடைத்துவிட்டு, மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்க்கிறார். அங்கே கடிகாரத்துக்குப் பக்கத்தில், அரிசி அளவில் ஒரு கடித உறைப் படம். அதன்மேல், படிக்காத மின்னஞ்சல் எத்தனை என்று சொல்லும் எண். உறையும் எண்ணும் அவர் எழுதிய நிரல், அவருடைய செல்லப்பிள்ளை.

அலுவலகத்தில் அவருக்குப் பெயர் 'புள்ளி'. உறையை ஒரு புள்ளி இடப்பக்கம் நகர்த்தி, அரைநாள் கழித்து அதே புள்ளி வலப்பக்கம் நகர்த்தி, "இப்ப எப்படி இருக்கு?" என்று வருவோர் போவோரையெல்லாம் நிறுத்திக் கேட்டதால் வந்த பட்டம். எதுவும் மாறவில்லையே என்று சொல்பவர் தொலைந்தார். கால்மணி நேரம் விளக்கம் கேட்டாக வேண்டும். உறை மணியடிக்கக் கூடாது, துள்ளக் கூடாது, சிவந்து மிரட்டக் கூடாது. "கடுதாசி வந்தா வந்துச்சுன்னு சொல்லணும், அவ்வளவுதான். ஊரைக் கூட்டக் கூடாது" என்பார். சோதனைக்காகத் தனக்குத் தானே அஞ்சல் அனுப்பிக்கொள்வார். 'சாப்பிட்டாயா?' என்று ஒன்று, 'இன்னும் இல்லை' என்று இன்னொன்று.

இப்பேர்ப்பட்டவரின் உறையில் செவ்வாய்க்கிழமையிலிருந்து எண் ஒன்றிலேயே நின்றுவிட்டது. வந்த அஞ்சலையெல்லாம் படித்தாயிற்று, ஆனாலும் ஒன்று. முந்தின நாள் எழுதிய வரிகளில்தான் கோளாறு என்று அவற்றைப் பிரித்து மேய்ந்தார். அழித்து எழுதினார். அசைவேனா என்றது.

வீட்டில் பக்கத்து மேசையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த மனைவி, பேசாமல் ஒன்றைக் கழித்துக் காட்டும்படி எழுதிவிட வேண்டியதுதானே, யாருக்குத் தெரியப் போகிறது என்றாள். ஆசிரியை சொல்கிற யோசனையா இது!

"பொய் சொல்ற சாமான் நம்ம வீட்ல வேணாம்" என்றார் புள்ளி.

இந்த வீம்பு இன்று நேற்று வந்ததல்ல. போன வருடம், அக்கா வீட்டுக் கணினியைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று, அக்கா மகளின் சிறுவயதுப் படங்களை மொத்தமாக அழித்துவிட்டார். கேட்டுவிட்டுத்தான் அழித்தேன் என்று இவர் சாதித்தார். கேட்கவே இல்லை என்று அக்கா சாதித்தாள். "இனிமே என் கம்ப்யூட்டரைத் தொடாதே" என்றும் சொல்லிவிட்டாள். பதினோரு மாதமாகப் பேச்சு இல்லை. அக்கா என்றால் இவருக்கு உயிர். ஆனாலும் யாராவது அவள் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார்.

சனிக்கிழமை காலை, வேறு வழி தோன்றாமல், நீ எண்ணுகிற அந்த ஒன்று எங்கேதான் இருக்கிறது காட்டு என்று நிரலையே கேட்டார். 'அப்புறம்' என்ற கோப்புறையைக் காட்டியது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காவின் அஞ்சல் எது வந்தாலும் கண்ணில் படாமல் அங்கே போய் விழட்டும் என்று, சண்டை போட்ட சூட்டில் இவரே செய்துவைத்து மறந்துபோன ஏற்பாடு அது. எந்தக் கோப்புறையையும் விடாமல் எண்ண வேண்டும் என்று நிரலில் எழுதியவரும் இவரேதான்.

செவ்வாய்க்கிழமை வந்த அஞ்சல். "போன படம் போகட்டும்டா. புதுக் கம்ப்யூட்டர் வாங்கிப் பிரிக்காம வெச்சிருக்கேன். உன்னைத் தவிர யாரையும் தொட விடல. ஞாயித்துக்கிழமை வரைக்கும் பாப்பேன். வரலேன்னா கடைக்காரரைக் கூப்பிட்டுக்கறேன்."

நாளைக்கு ஞாயிறு. புள்ளிக்குக் கண் கலங்கிவிட்டது. ஒன்றைக் கழித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. 'வர்றேன்க்கா. எதையும் அழிக்க மாட்டேன்' என்று எழுதி அனுப்பினார்.

தப்பு எங்கே என்று தெரிந்ததா என்று மனைவி கேட்டாள்.

"நம்பர் சரியாத்தான் இருந்துச்சு" என்றார்.

எண் மறைந்து உறை மட்டும் நின்றது. ஐந்து நாளாக இதற்குத்தான் மல்லுக்கட்டினார். கொஞ்ச நேரம் பார்த்தார், பிடிக்கவில்லை. அக்காவின் அஞ்சலைப் 'படிக்காதது' என்று மாற்றினார். ஒன்று திரும்ப வந்து உட்கார்ந்தது. சட்டை நுனியை எடுத்து அந்த மூலையைப் பளிச்சென்று துடைத்தார்.