சாப்பாட்டுக்குப் பின்

மூளையில் ரத்தக்குழாய் வீங்கியவர்களுக்கு வைத்தியம் செய்யும் அறையில் வேலை பார்ப்பவனிடம் எல்லோரும் முதலில் கேட்பது, “மண்டையைத் திறப்பாங்களா?” என்பதுதான்.

திறக்க மாட்டார்கள். தொடை வழியாக மெல்லிய குழாயை மூளை வரைக்கும் ஏற்றி, வீக்கத்துக்குள் கம்பிச் சுருளை வைத்து அடைப்பார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடங்கள், ஓசூர் பக்கத்து மத்திகிரியிலிருந்து தினமும் பஸ் ஏறி, கர்நாடக எல்லை தாண்டி ஓர் ஆஸ்பத்திரியில் இதை மூன்று பாஷைகளில் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்தாவதோடு நின்றவன். கன்னடமும் தெலுங்கும் காதால் வந்தவை; வைத்தியச் சமாசாரம் சுருளும் குழாயும் வரும் பெட்டிகளின் மேல் எழுதியிருந்ததைப் படித்து வந்தது. வீடு திரும்புகிறவர்களின் மாத்திரைக் கவரில் தமிழில் எழுதித் தருவதும் நான்தான். ஆஸ்பத்திரி வராந்தாவில் காத்துக் கிடந்த உங்களுக்கு என்னைப் போன்ற ஆளைத் தெரிந்திருக்கும்.

ஸ்பிரிங் கம்பெனிக்காரர்

ஓசூரில் ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் வேலை பார்த்த திருநெல்வேலிக்காரர் அவர். உள்ளே அவருடைய அம்மா. வைக்கப்போகிற சுருள் எப்படி இருக்கும் என்று கேட்டார். பிளாட்டினம், தலைமுடி கனம்தான் என்றேன். தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

“நான் தெனமும் சுத்துத சாமான்தான் அண்ணாச்சி. எங்கம்மா தலைக்குள்ள போறது மட்டும் ரிஜெக்ட் பீஸா இல்லாமப் பாத்துக்கிடுங்க.”

பாரூர் விவசாயி

வீக்கத்தின் வாய் அகலமாக இருந்தால் சுருள் உள்ளே நிற்காது, நழுவிவிடும். அதனால் வாய்க்குக் குறுக்கே ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைப்பார்கள். அதன்மேல் ரத்தம் உறையாமலிருக்க இரண்டு மாத்திரைகள், ஒருநாள்கூட விடாமல். பாரூர் ஏரிப் பாசனத்தில் நெல் போடுகிற பெரியவர் ஒருவருக்கு இதை அரைமணி நேரம் விளக்கினேன்.

“ஏரிக்கரையில ஒடப்பு அகலமா இருந்தா மண் மூட்டை நிக்காது, முன்னால தட்டி கட்டணும். அதானே? இதுக்கு ஏம்ப்பா இவ்ளோ சுத்தி வளைக்கிற?”

என் வீட்டுக்காரி

ஒரு நாள் கமலாவின் வலது கண் இமை தொங்கியது. பார்த்ததுமே அவளுக்கும் மூளையில் அதே வீக்கம்தான் என்று எனக்குப் புரிந்துவிட்டது. எங்கள் அறையிலேயே சுருளும் ஸ்டென்டும் வைத்தார்கள், நல்லபடியாக முடிந்தது. வார்டில் நர்ஸ், “உங்க வீட்டுக்காரர் மூணு பாஷையில பேசுவார், கொடுத்து வெச்சவங்க நீங்க” என்றார். கமலா சிரித்தாள்.

“வீட்டுல ஒரு பாஷையும் பேச மாட்டாரு சிஸ்டர்.”

உண்மைதான். மற்றவர்களுக்கு அரைமணி நேரம் சொன்னதை அவளுக்கு நான் சொல்லவில்லை. என்னோடு இருப்பவளுக்குத் தெரியாதா என்று நினைத்தேன். அவள் கவரிலும் எல்லோருக்கும் எழுதுவதையே எழுதிக் கொடுத்தேன்.

ஆறாம் நாள்

ஐப்பசியில் கந்த சஷ்டி. ஆறு நாளும் காலையில் பால், சாயங்காலம் ஒரு வாழைப்பழம் என்று விரதம் இருந்தாள். வருடா வருடம் இருப்பதுதான். நான் ஒன்றும் கேட்கவில்லை. ஆறாம் நாள் காலை, நான் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவள் இடது கையிலிருந்து டம்ளர் விழுந்தது. எடுக்கக் குனிந்தவள் எழவில்லை.

ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு, மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. ஆனாலும் பேச்சு புரிந்தது.

“சாப்பாட்டுக்குப் பின்னுன்னு நீங்கதான எழுதியிருக்கீங்க. நான்தான் ஆறு நாளா சாப்பிடவே இல்லையே.”

மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு கவரிலும் ‘சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும்’ என்று எழுதினேன். படிக்க வேண்டியவளைத் தவிர எல்லோரும் படித்தார்கள்.