திருடனின் பைக்குக் காவல் இருந்தவன்

என் கைப்பேசியைத் திருடன் பறித்துக்கொண்டு ஓடவில்லை. நானே பூட்டைத் திறந்து, வெளிச்சத்தைக் கூட்டி, அவன் கையில் கொடுத்தேன். அத்தோடு நிற்கவில்லை. அவன் விட்டுப்போன டிபன் பையை வேறு யாராவது தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதே என்று மடியில் வைத்துக்கொண்டு அரைமணி நேரம் காவல் இருந்தேன். ஐம்பத்து மூன்று வயது, நான்கு அலமாரி புத்தகங்கள், மனித சுபாவம் பற்றிப் பத்திரிகைகளில் அவ்வப்போது எழுதும் பழக்கம், எல்லாம் இருக்கும் ஒருவன் செய்த காரியம் இது. வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனி வெளியில் தெரிந்தால் என்ன கெட்டுவிடப் போகிறது.

நடந்த இடம் புதுக்கோட்டை. என் சொந்த ஊர். சிக்கலே இந்த இரண்டாவது வாக்கியத்தில்தான் இருக்கிறது.

பள்ளிப் படிப்பு முடியும்வரை அங்கே இருந்தேன். பிறகு சென்னை. அப்பா காலமானதும் கீழ மூன்றாம் வீதியில் இருந்த வீட்டை விற்றோம். அதற்குப் பிறகு ஊருக்குப் போக ஒரு காரணமும் கிடைக்கவில்லை. சென்ற ஆண்டு அறந்தாங்கியில் உறவில் ஒரு கல்யாணம் வந்தது. சாப்பிட்டு முடித்ததும் மனைவியை மற்றவர்களோடு வேனில் ஏற்றிவிட்டு, "புதுக்கோட்டையில ஒரு சின்ன வேலை இருக்கு, நாளைக்கு வந்துடறேன்" என்றேன். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு வெட்கமாக இருந்திருக்கும். ஊர்க்காரர் யாராவது ஒருவர் தெருவில் என்னை நிறுத்தி, "எப்ப வந்தே?" என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

இந்தக் கேள்வியைச் சொந்த ஊரில் மட்டும்தான் கேட்பார்கள். சென்னையில் முப்பத்தைந்து வருடமாக இருக்கிறேன், ஒருவரும் எப்ப வந்தே என்று கேட்டதில்லை. எப்ப காலி பண்றீங்க என்று இரண்டு வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள்.

பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் அறை எடுத்தேன். வரவேற்பில் இருந்தவர் ஆதார் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டூரிஸ்டுங்களா சார்? சித்தன்னவாசல் பாக்க வந்தீங்களா?"

"இல்லைங்க. எனக்கு இந்த ஊர்தான்."

"அப்பறம் எதுக்கு சார் லாட்ஜுல தங்குறீங்க?"

பதில் இல்லாத கேள்விகளை இந்த வேலையில் இருப்பவர்கள் மிகச் சாதாரணமாகக் கேட்டுவிடுகிறார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். அவர் என்மேல் இரக்கப்பட்டதைப் போல, "வெளிய போறப்ப போன சட்டைப் பையில வைக்காதீங்க சார். பஸ்டாண்டுப் பக்கம் கொஞ்சம் பாத்துப் போங்க. யாராச்சும் வலிய வந்து பேசுனா நிக்காதீங்க" என்றார். அவர் தலைக்கு மேலே சுவரில் அதையே அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். சுற்றுலாப் பயணிகளின் கவனத்துக்கு என்று தலைப்பு. சுற்றுலாப் பயணிகளுக்குத்தானே என்று நினைத்துக்கொண்டேன். இருந்தாலும் போனைக் கால்சட்டைப் பையின் அடியில் போட்டு, மேலே கைக்குட்டையைத் திணித்தேன்.

மறுநாள் காலை ஒன்பது மணியிலிருந்து நடந்தேன். கோடு போட்டு வகுத்த மாதிரி நேர்நேரான வீதிகள், வீதிகளுக்கு எண். எங்கள் ஊரில் தொலைந்துபோவதற்குத் தனித் திறமை வேண்டும். கீழராஜவீதியில் கடைப் பெயர்ப் பலகைகளை ஒவ்வொன்றாக அண்ணாந்து படித்துக்கொண்டே போனேன். இருந்த பலகைகளை அல்ல, முன்பு அந்த இடத்தில் இருந்த பலகைகளை. எங்கள் வீடு இருந்த இடத்தில் பல் மருத்துவமனை வந்திருந்தது. வாசலில் நின்றேன். உள்ளிருந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "டோக்கன் போடணுமா சார்?" என்றாள். எங்கள் சமையலறை இருந்த பக்கத்திலிருந்து துளை போடும் இயந்திரத்தின் சத்தம் வந்தது. வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அப்பா மாதாமாதம் மருந்து வாங்கிய கடை அப்படியே இருந்தது. கல்லாவில் இருந்தவரின் காது மடலைப் பார்த்ததும் அந்தக் கடைக்காரரின் மகன் என்று தெரிந்துவிட்டது. தலைவலி மாத்திரை கேட்டேன். தலை வலிக்கவில்லை. முகத்தை நன்றாகத் தெரியும்படி வைத்துக்கொண்டு நின்றேன். அவர் மாத்திரையைக் கத்தரித்துக் கொடுத்துவிட்டு, "வெயில்ல சுத்தாதீங்க சார், ஒங்களுக்கு நம்ம ஊர் வெயில் பழக்கமிருக்காது" என்றார்.

பதினோரு மணிக்கு எனக்கு உண்மையாகவே தலை வலித்தது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது. பின்னாலிருந்து, தோளில் ஒரு கையோடு.

"என்ன மாப்ள, எப்ப வந்தே?"

திரும்பினேன். என் வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, சாயம் அடித்த முடி, கையில் டிபன் பை. முகம் பிடிபடவில்லை. ஆனால் அந்தக் கேள்வி நெஞ்சுக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்துவிட்டது. லாட்ஜ்காரர் சொன்னது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை.

"என்னையத் தெரியலையா?" என்றான். குரலில் வருத்தம்.

"ஸ்கூலா?" என்றேன்.

"பின்ன என்ன காலேஜா? ஸ்கூல்தான்."

"பத்தாம் வகுப்பு... பி பிரிவா?"

"பி-யேதான் மாப்ள. அப்பாடி, இப்பவாச்சும் ஞாபகம் வந்துச்சே."

"கணக்கு வாத்தியார்..."

"அந்த ஆளு குடுத்த அடி இன்னும் வலிக்குது."

பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. பேசிய நேரம் முழுவதும் அவன் எனக்கு ஒரு செய்திகூடச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் நான் சொன்னேன், அவன் ஆமாம் போட்டான். குளத்தில் நீந்தியது, வகுப்பில் பாம்பு வந்தது, தமிழ் ஐயாவின் சைக்கிள் காற்றைப் பிடுங்கியது. நான் நினைவை எடுத்து வைக்க வைக்க அவன் அதற்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டான். அப்போது எனக்கோ, எவ்வளவு ஞாபகசக்தி இவனுக்கு என்றுதான் தோன்றியது.

டீக்கடைக்குக் கூட்டிப்போனான். டீயும் இரண்டு உளுந்த வடையும் வாங்கித் தந்தான். நான் பையில் கை விட்டபோது, "ஊருக்கு வந்தவன் காசு குடுக்குறதா? எங்கள அசிங்கப்படுத்தாத" என்று கையைப் பிடித்துக்கொண்டான். காலையிலிருந்து அந்த ஊரில் யாரும் எனக்காக இவ்வளவு உரிமை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்த நெகிழ்ச்சியில்தான் போட்டோவைப் பற்றிச் சொன்னேன்.

எங்கள் வகுப்பின் குரூப் போட்டோ. அதை எடுத்த அன்று நான் பள்ளிக்கூடத்தில் இல்லை. அம்மை போட்டு வீட்டில் வேப்பிலைக்கு நடுவே படுத்திருந்தேன். ஏற்கெனவே எனக்கும் சேர்த்துப் பிரதி சொல்லியிருந்ததால் ஒன்று வந்து சேர்ந்தது. நாற்பத்தோரு பையன்கள், இரண்டு வாத்தியார்கள், ஒரு செம்பருத்திச் செடி. நான் இல்லை. நான் இல்லாத அந்தப் படத்தை முப்பத்தெட்டு வருடமாகக் கிழியாமல் வைத்திருந்து, பிற்பாடு கைப்பேசியிலும் ஏற்றிக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. எல்லாம் இருந்ததற்கு அது ஒன்றுதான் என்னிடம் சாட்சி.

கைக்குட்டையை விலக்கி, போனை எடுத்து, பூட்டைத் திறந்து நீட்டினேன். அவன் விரலால் படத்தைப் பெரிதாக்கினான். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தான். பின்வரிசையில் ஒரு பையன்மேல் விரல் வைத்து, "இந்தா, இது நானு" என்றான். விரல் ஒரு பையன் அளவு நகர்ந்தது.

"பக்கத்துல நிக்கிறது நீதான?"

அந்த இடத்தில் எனக்குத் தெரிந்துவிட்டது. இதை ஒப்புக்கொள்வதற்குத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். இவன் எங்கள் வகுப்பு இல்லை, எந்த வகுப்பும் இல்லை என்று மூளையின் ஒரு மூலை தெளிவாகச் சொல்லியது. ஆனால் முப்பத்தெட்டு வருடத்தில் அந்தப் படத்தில் விரலை வைத்து இது நீ என்று சொன்ன முதல் ஆள் அவன். பின்வரிசை, ஓரத்திலிருந்து மூன்றாவது, வெயிலுக்குக் கண் கூசிக்கொண்டு நிற்கும் ஒரு பையன். நல்ல இடம்தான். எனக்குப் பிடித்திருந்தது.

"ஆமா" என்றேன்.

"கடைக்குள்ள இருட்டா இருக்கு மாப்ள. வெளிய வெளிச்சத்துல நல்லாப் பாத்துட்டு வாரேன். பையப் பாத்துக்க, இங்கிட்டு களவாணிப் பயலுக ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

பையைப் பார்த்துக்கொண்டேன். மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அரைமணி கழித்து டீ மாஸ்டர்தான் கேட்டார், "கூட வந்தவரு வண்டிய எடுத்துக்கிட்டுப் போயி ரொம்ப நேரமாச்சே, நீங்க யாருக்காக ஒக்காந்திருக்கீங்க?" பையைத் திறந்தோம். காலி டப்பா. கழுவி வைத்திருந்தான்.

காவல் நிலையத்தில் புகாரை எழுதியவர் ஒரு ஏட்டு. வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி.

"எப்படிங்க போச்சு? பறிச்சானா, பிக்பாக்கெட்டா?"

"குடுத்தேன்."

பேனா நின்றது. "என்னத்துக்கு?"

"பாக்க."

முழுவதையும் கேட்டார். சிரிக்கவில்லை, அதற்கு இன்றும் நன்றியோடு இருக்கிறேன். "போன வாரம் திருமயம் கோட்டையப் பாக்க வந்த குடும்பத்துக்கிட்ட சொந்தக்காரன்னு சொல்லிக் கேமராவ வாங்கிட்டுப் போயிருக்கான். இதே ஆளாத்தான் இருக்கும். உள்ளூர்க்காரங்ககிட்ட வரவே மாட்டாங்க. வெளியூர் ஆளுங்களத்தான்."

"நான் உள்ளூர்தாங்க."

"அவனுக்கு அது தெரியாதுல்ல. உள்ளூர்க்காரன் ரோட்டப் பாத்து நடப்பான். டூரிஸ்ட்டு போர்டப் பாத்து நடப்பான். அத வச்சே பிடிச்சிருவாங்க." புகாரில் வெளியூர் என்று எழுதினார். மாற்றச் சொன்னேன். "ஆதார்ல இருக்குறதத்தாங்க எழுத முடியும்" என்றார்.

பிறகு பள்ளியின் பெயரைக் கேட்டார். சொன்னேன். எந்த வருடம் என்று கேட்டார். சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார்.

"நானும் அதே வருசந்தாங்க. பி பிரிவு."

ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். அவர் வழுக்கைக்குக் கீழே நான் ஒரு பையனைத் தேடினேன். அவரும் தேடினார். காவல் நிலையத்தில் தேடுதல் வேட்டை அதிக நேரம் நீடிப்பதில்லை போலும். இருவரும் ஒரே சமயத்தில் கைவிட்டோம். அவர் தன் போனை எடுத்தார். வகுப்புக்கு வாட்ஸ்அப் குழு இருக்கிறதாம். நாலு வருடமாக. அதில் எல்லோரும் இருக்கிறார்களாம். அந்தப் படத்தைத்தான் குழுவின் முகப்பில் வைத்திருந்தார்கள்.

"எதக் காட்டுனான்?" என்றார்.

பின்வரிசையைக் காட்டினேன். "இது அவனாம். இது நானாம்."

"அவன்னு சொன்னது இப்பக் கந்தர்வக்கோட்டையில முந்திரி வியாபாரம்." அடுத்த பையனைச் சற்று நேரம் பார்த்தார். "நீங்கன்னு சொன்னது நான்."

அவருடைய இடத்தில் சற்று நேரம் நின்றதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும்போல் இருந்தது. அன்றைக்கு எனக்கு அம்மை என்று சொன்னேன். அம்மை போட்ட யாரையும் அவருக்கு ஞாபகம் இல்லை. ஆனால் நல்ல மனிதர். "வீட்டுக்குப் போயி அதே நம்பர வாங்குங்க. குரூப்புல சேத்து விடுறேன். யாருக்காச்சும் தெரியாமயா போகும்" என்றார்.

போன் திரும்பி வரவில்லை. சென்னை வந்து புதிது வாங்கினேன், பழைய எண்ணையே கேட்டு வாங்கினேன். பத்து நாள் கழித்து ஒரு மாலையில் ஏட்டு என்னைக் குழுவில் சேர்த்தார். போட்டோ அன்று அம்மை போட்டவர், நம் வகுப்பு, யாருக்கு ஞாபகம் இருக்கிறது என்று ஒரு செய்தியும் போட்டார். நான் சாப்பிடாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் கும்பிடு போட்டார்கள். ஒருவர் காலை வணக்கம் சொன்னார், மாலை ஆறரைக்கு. நானும் ஒரு வணக்கம் போட்டேன். எல்லோரும் படித்துவிட்டதாக அதன்கீழ் இரண்டு நீலக் கோடுகள் மட்டும் விழுந்தன.

எட்டு மணிக்கு ஒரு பதில் வந்தது. "ஒன்னைய எப்படிடா மறப்பேன்? ஓட்டப்பந்தயத்துல ஒன்னைய யாரு பிடிக்க முடியும்!"

நான் வாழ்க்கையில் ஓடியதே இல்லை. விளையாட்டுப் பீரியடில் எல்லோருடைய செருப்புக்கும் காவல் இருந்தவன் நான். அவருக்கு யாரோ ஒருவன் ஞாபகத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அவன் நான் இல்லை என்று எழுதினால், அந்த ஊரில் நான் இருந்த இடம் மறுபடி காலியாகிவிடும்.

"ஆமா மாப்ள" என்று எழுதி அனுப்பினேன்.

என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று இரண்டையும் படித்தாள். அடுப்பில் எதையோ வைத்துவிட்டு வந்திருந்தாள், திரும்பிப் போகும்போது சொன்னாள்:

"இவருகிட்டயாவது போனைக் கையில குடுக்காதீங்க."